வீட்டில் கம்பெனி இன்டர்நெட் போன் வைக்க லைசென்ஸ் வேண்டுமா?

"ஏனுங்க, வீட்லயே கம்பெனி போன் வெச்சுக்கறதுக்கு லைசென்ஸ் ஏதாச்சும் எடுக்கோணுங்களா?" சம்பளம் திருப்பூர் ஏற்றுமதி ஆபீசிலோ சரவணம்பட்டி ஐடி கம்பெனியிலோ, வேலை கோபியிலோ பொள்ளாச்சியிலோ வீட்டிலிருந்தபடியே என்று இருப்பவர்களுக்கு வரும் சந்தேகம் இது. வேண்டியதில்லை. ஊழியருக்கும் வேண்டாம், கம்பெனிக்கும் வேண்டாம்.

முன்பு அப்படி இல்லை. கால் சென்டர் போன்ற நிறுவனங்கள் 'பிற சேவை வழங்குநர்' என்ற பெயரில் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஊழியரை வீட்டிலிருந்து பேச வைப்பதென்றால் வங்கி உத்தரவாதம், நிலையான ஐபி முகவரி (மாறாத இணைய முகவரி) என்று ஏகப்பட்ட கெடுபிடி. 2020 நவம்பர் 5 அன்று வந்த விதிகள் பதிவையே எடுத்துவிட்டன. 2021 ஜூன் 23 அன்று இன்னும் தளர்த்தினார்கள். இப்போது வீட்டு பிராட்பேண்டிலோ மொபைல் டேட்டாவிலோ கம்பெனியின் எக்ஸ்சேஞ்சோடு, அதாவது அழைப்புகளை ஊழியர்களுக்கு இணைத்துவிடும் அமைப்போடு, சேர்ந்துகொள்ளலாம். அந்த எக்ஸ்சேஞ்ச் அவிநாசி ரோட்டிலும் இருக்கலாம், ஜெர்மனியிலும் இருக்கலாம்.

கூடாதது ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்பை, நீங்களே ஒரு கருவி வைத்து உள்ளூர் சிம்முக்கோ லேண்ட்லைனுக்கோ தள்ளிவிடக் கூடாது. டோல் பைபாஸ் என்பது இதுதான். உள்ளூர் சிம்முக்கோ லேண்ட்லைனுக்கோ வரும் வெளிநாட்டு அழைப்பு, உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனம் வழியாகத்தான் வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். "உங்க வீட்டு நெட்ல ஒரு பெட்டி மாட்டிக்கறோம், மாசாமாசம் வாடகை தர்றோம்" என்று ஆள் வருவான். பார்க்க மோடம் மாதிரியே இருக்கும். ஆனால் வரிசையாக சிம் செருகும் துளைகளும், அதற்கேற்ப ஆன்டெனாக்களும் இருக்கும். அது சிம் பாக்ஸ், டோல் பைபாஸ் செய்யும் கருவியே அதுதான். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதியின்றி தொலைத்தொடர்பு சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாடகைக்கு இடம் கொடுத்தவர் வீட்டுக்குத்தான் போலீஸ் முதலில் வரும். எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நம்பர். கம்பெனி தரும் எக்ஸ்டென்ஷன் (உள் நம்பர்) போதாது, வெளியாட்கள் கூப்பிட இந்திய நம்பர் வேண்டும் என்றால், உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்திடம் கம்பெனி பெயரில் எஸ்ஐபி இணைப்பாக (இணைய வழியில் வரும் போன் இணைப்பு) வாங்கலாம். அதில் விளம்பர அழைப்பு செய்வதாக இருந்தால் டெலிமார்க்கெட்டராகப் பதிவு செய்து, 140-இல் தொடங்கும் நம்பரிலிருந்துதான் கூப்பிட வேண்டும். பதியாமல் விளம்பரம் பேசுபவர்களின் இணைப்புகளை எல்லாம் துண்டித்து, 2 ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. மேனேஜர் சொன்னார் என்று சொந்த மொபைலிலிருந்து நூறு பேரைக் கூப்பிட்டால் போவது உங்கள் நம்பர்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. லேப்டாப்பில் ஆப், ஒரு ஹெட்செட், அவ்வளவு போதும். மேசை போன்தான் வேண்டும் என்றால் ஐபி போன் (இணையத்தில் இயங்கும் மேசை போன்) வாங்கி ரூட்டரில் கேபிளில் சொருகுங்கள். வைஃபையை விட கேபிள் நல்லது. ஒரு அழைப்புக்கு இரு பக்கமும் சுமார் 100 கேபிபிஎஸ் (ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்கு) வேகம் போதும் என்பதால், வேகமான பிளானுக்குக் காசைக் கொட்டாதீர்கள். வேகத்தை விட முக்கியம் தாமதம். நீங்கள் பேசுவது எதிராளி காதில் விழ 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆனால் பேச்சு ஒருவர் மேல் ஒருவர் ஏறும். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் ரூட்டரின் செட்டிங்ஸில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' (SIP ALG) என்று இருப்பதை அணைத்துப் பாருங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

துணை மின்நிலையப் பராமரிப்புக்காக ஷட்டவுன் அறிவிக்கும் நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் ரூட்டரும் ஃபைபர் மோடமும் செத்துப்போகும். அவை இரண்டுக்கும் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். அவசரத்துக்கு 112, 108 கூப்பிட மட்டும் கையில் இருக்கும் சிம் போனையே எடுங்கள். கம்பெனியின் இன்டர்நெட் போனிலிருந்து அந்த நம்பர்கள் போகாமலே இருக்கலாம். போனாலும் நீங்கள் கோபியில் இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்று நம்ப முடியாது.