பட்டன் டயர் தார் ரோட்டுக்கு இல்லை

மழை பிடித்ததும் கடைக்கு வருகிற சைக்கிள்களில் ஒரே காட்சி. பின் டயரில் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன் என்கிறோம்; அதில் நடுப் பட்டன்கள் வழுக்கையாகத் தேய்ந்திருக்கும். ஓரப் பட்டன்கள் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். ஓட்டியவர் முழங்கைச் சிராய்ப்போடு நின்று, "பட்டன் டயர் போட்டும் சறுக்கிடுச்சே" என்பார். பட்டன் டயர் போட்டதால்தான் சறுக்கியது. இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேருக்கு இதைச் சொல்லியாகிவிட்டது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

தார் ரோடு கெட்டி. அதற்குள் டயர் பதிந்து இறங்காது. எவ்வளவு ரப்பர் ரோட்டைத் தொடுகிறதோ அவ்வளவுதான் பிடிமானம். பட்டன் டயரில் கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே பள்ளம். பள்ளம் ரோட்டைத் தொடாது. வளைவில் சாய்க்கும்போது உயரமான ஓரக் கட்டிகள் மடங்கிக் கொடுக்கும். அந்த நொடியில்தான் சக்கரம் நழுவுகிறது.

"மழைத் தண்ணியை வெளியே தள்ள பட்டன் வேணுமே" என்று கேட்காதவர் இல்லை. அது காரைப் பார்த்து வந்த எண்ணம். கார் டயர் அகலம், தட்டை, வேகமும் அதிகம். தண்ணீர் அடியில் மாட்டிக்கொள்ளும். சைக்கிள் டயர் உருண்டை, ஒடுக்கம், உள்ளே காற்றழுத்தமும் அதிகம். நாம் மிதிக்கிற வேகத்துக்குத் தண்ணீர் தானாகவே விலகிவிடும். நனைந்த தாரில் வழவழப்பான டயர், பட்டன் டயரைவிட நன்றாகப் பிடிக்கும். நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் அதுதான் உண்மை. பட்டனுக்கு வேலை இருப்பது, மண் இளகிக் கொடுத்து கட்டி உள்ளே இறங்குகிற இடத்தில் மட்டும்.

நம் பக்கத்துத் தார் ரோட்டில் ஆளைக் கவிழ்ப்பவை வேறு. அறுவடை மெஷின் வயலிலிருந்து ஏறும்போது உதிர்த்துவிட்டுப் போகிற சேற்றுக்கட்டி, ரோட்டில் காயப்போட்ட நெல், நனைந்த வைக்கோல், வெள்ளைக் கோடு, பாலத்தில் குறுக்கே போகும் இரும்புப் பட்டை. இவற்றின் மேல் எந்த டயரும் காப்பாற்றாது. முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள், மேலே ஏறியதும் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலை நேராக வைத்துக் கடந்துவிடுங்கள்.

சரி, தாரும் மண்ணும் கலந்து ஓட்டுகிறவர் எதை வாங்குவது? முதலில் ஒரு வாரம் எத்தனை கிலோமீட்டர் தாரில், எத்தனை மண்ணில் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். பாதிப் பேருக்கு மண் பத்தில் ஒரு பங்கு கூட இராது. பத்தில் எட்டுப் பங்கு தார் என்றால் 700×32 முதல் 700×38 வரை அகலம், நடுவில் வழவழப்பு அல்லது மெல்லிய கோடு போட்ட டயர். பாதிக்குப் பாதி என்றால் 38 முதல் 42; நடுவில் நெருக்கமான குட்டைக் கட்டிகள், ஓரத்தில் கொஞ்சம் உயர்ந்த கட்டிகள். பெரும்பாலும் ஆற்றங்கரையும் வயல்பாதையும்தான் என்றால் மட்டும் 26×1.95 அல்லது அதற்கு மேல், பட்டனோடு. மண்பாதைக்குக் கட்டி அதிகமுள்ள டயர் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் முன்னால் போடுங்கள். பின் சக்கரம் நழுவினால் சமாளிக்கலாம். முன் சக்கரம் நழுவினால் நேரம் கிடைக்காது.

டெல்டா முழுக்க ஒரே மண் என்றும் நினைக்க வேண்டாம். வல்லம் பக்கம் செம்மண் சரளை. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மணல் கலந்த இளமண். இங்கெல்லாம் குட்டைக் கட்டி அழகாக வேலை செய்யும். கொள்ளிடக் கரையின் தளர்மணலில் அகலமும் குறைந்த காற்றும்தான் தூக்கி விடும். பட்டன் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிக் களிமண்ணில் ஐப்பசி மழைக்குப் பிறகு கதையே வேறு. நெருக்கமான கட்டிகளுக்கு நடுவே களி அடைத்து, பத்தே சுற்றில் டயர் மண்ணுருண்டை ஆகிவிடும். அங்கே கட்டியைவிட இடைவெளிதான் முக்கியம். டயருக்கும் போர்க்குக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுற்றிலும் குறைந்தது 6 மி.மீ. இருக்க வேண்டும். டயரை மாட்டி, காற்று நிரப்பி, 6 மி.மீ. ஆலன் கீயை (அறுகோணக் கம்பிச் சாவி) விட்டுப் பாருங்கள். உரசினால் டயர் அகலம் கூடிவிட்டது. களி அடைத்துச் சக்கரம் நின்றால் இறங்கிக் குச்சியால் வழியுங்கள், மிதித்துத் தள்ளாதீர்கள். பிரேக் கட்டையில் ஒட்டிய களி ரிம்மை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

அளவில் நடக்கிற குழப்பத்துக்கு ஒரு தனி வேண்டுகோள். "28 டயர் குடுங்க" என்று கேட்டு வராதீர்கள். தாத்தா காலத்துச் சைக்கிளின் 28×1½ டயரில் 40-635 என்று இருக்கும். 700×28 டயரில் 28-622 என்று இருக்கும். அந்த 28 வெறும் அகலம், மில்லிமீட்டரில். சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுக்கும் விட்டத்தில் 13 மி.மீ. வித்தியாசம். ஒன்றை மற்றதில் ஏற்ற முயன்றால் டயரின் ஓரக் கம்பி அறுந்துபோகும், இல்லையென்றால் காற்று ஏறும்போது ரிம்மை விட்டுக் கழன்று வெடிக்கும். 26×1.75, 26×1¾ இரண்டும் கணக்குக்கு ஒன்றுதான், ரிம்முக்கு ஒன்றல்ல: முதலாவது 559, இரண்டாவது 571. பழைய டயரின் பக்கவாட்டில் இப்படி நடுவே சிறு கோடு போட்டு எழுதியிருக்கும் எண்ணைப் போனில் படம் எடுத்து வாருங்கள். அந்த இரண்டு எண் போதும்.

இனி காற்று. கல் மாதிரி இருந்தால்தான் வண்டி ஓடும் என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை விடுங்கள். பக்கவாட்டில் எழுதியிருப்பது தாண்டக் கூடாத உச்சம். தினமும் அதுவரை நிரப்பச் சொல்வது இல்லை. கல் மாதிரி நிரப்பிய டயர் சரளையில் துள்ளும், துள்ளுகிற டயருக்குப் பிடி கிடையாது. 65 கிலோ ஆளுக்கு 700×38 டயரில் முன்னால் 40, பின்னால் 45 பி.எஸ்.ஐ.யில் (காற்றழுத்த அளவு) தொடங்குங்கள். எடை 10 கிலோ கூடினால் 4 அல்லது 5 கூட்டுங்கள். முழுக்க மண்பாதை என்றால் 5 குறையுங்கள். கேரியரில் புல்லுக்கட்டோ மூட்டையோ ஏற்றினால் பின் சக்கரத்துக்கு மட்டும் 10 கூட்டலாம், உச்சத்தைத் தாண்டாமல். அதற்காக ரொம்பவும் குறைத்து ஓட்டினால் மதகுக்கட்டை விளிம்பில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். அப்படி இரட்டைக் கீறல் பார்த்தால் முள்ளைத் தேடாதீர்கள், காற்றைக் கூட்டுங்கள்.

வால்டியூப் (சின்ன ரப்பர் குழல்) வைத்த பழைய வால்வில் காற்றழுத்தம் காட்டும் கேஜ் சரியாகக் காட்டாது. டியூப் மாற்றும்போது ரிம் துளைக்குப் பொருந்தினால் மோட்டார் சைக்கிள் வால்வு உள்ளதை வாங்குங்கள். ஆனால் பெட்ரோல் பங்க் காற்றில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். சைக்கிள் டியூப் சின்னது, இரண்டு நொடியில் எல்லை தாண்டிவிடும். கேஜ் வைத்த கைப்பம்ப் வாங்கிவிடுங்கள்.

முள். வாய்க்கால் கரையில் வேலிகாத்தான், காய்ந்த பாதையில் நெருஞ்சி. தடித்த பட்டன் இருந்தால் முள் ஏறாது என்பதும் பொய். கட்டிகளுக்கு நடுவே ரப்பர் மெல்லிசு, முள் அங்கேதான் இறங்கும். டயருக்குள் முள் தடுப்புப் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் எடை கூடும், பரவாயில்லை. பஞ்சர் ஒட்டிய பிறகு டயரின் உட்புறம் முழுக்கப் பஞ்சையோ துணியையோ சுற்றித் தேய்த்துப் பாருங்கள். துணி மாட்டுகிற இடத்தில் முள் முனை இருக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள். முனையை இடுக்கியால் பிடுங்காமல் டியூபை மட்டும் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் மறுநாளே திரும்பி வருகிறார்கள்.

மாட்டும்போது பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னோக்கிச் சுழலும் பக்கம் பார்க்கட்டும். பாதிக் காற்றில் நிறுத்தி, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். எங்காவது கோடு உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தைக் கையால் பிசைந்து வெளியே இழுத்துவிட்டு, மறுபடி நிரப்புங்கள்.