பிரசங்கம்: ஒட்டிக்கொள்ளும் பேச்சு

"பிரசங்கம் பண்ணாதே" என்று ஒருவரை அதட்டினால், 'உன் அறிவுரையை நிறுத்து' என்று பொருள். "அதிகப்பிரசங்கி" என்றால் அது வசையே. அதே சொல் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் மரியாதை கூடிவிடுகிறது: பிரசங்க பீடம், பிரசங்கியார், மலைப்பிரசங்கம். பழைய ஏற்பாட்டில் ஒரு நூலின் பெயரே 'பிரசங்கி'. ஒரே சொல்லுக்கு எப்படி இந்த இரண்டு முகம் வந்தது?

பிரசங்கம் வடசொல். 'பிர' முன்னொட்டு, 'சஞ்ஜ்' வேர். அந்த வேருக்கு ஒட்டுதல், பற்றிக்கொள்ளுதல் என்று பொருள். (இதில் வரும் சங்கம் 'பற்று'. புலவர்கள் கூடிய சங்கம் வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆகவே வடமொழியில் பிரசங்கம் என்றால் பற்று, தொடர்பு, அதிலிருந்து விரிந்து சந்தர்ப்பம், பேச்சில் எழும் விஷயம். இந்தியிலும் மராத்தியிலும் இன்றும் சந்தர்ப்பம், நிகழ்ச்சி என்பதே வழக்கு. கன்னட யட்சகானக் கூத்தில் ஆடப்படும் கதைக்குப் பிரசங்கம் என்று பெயர். தமிழ், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் அது மேடைப் பேச்சாக நிலைத்தது.

பௌத்தத் தருக்கத்தில் இதற்கு இன்னொரு பொருள் உண்டு. தன் கொள்கை எதையும் முன்வைக்காமல், எதிராளி ஒப்புக்கொண்டதிலிருந்தே அவனால் ஏற்க முடியாத முடிவை இழுத்துக் காட்டும் வாதமுறை அது. இதைக் கைக்கொண்ட பிரிவினருக்குப் பிராசங்கிகர் என்று பெயர். கிறிஸ்தவப் பிரசங்கத்தின் வலிமையை விளக்க இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தென்படவில்லை. பிறன் மனைவியை அபகரித்த தாவீது ராஜாவிடம் நாத்தான் என்னும் தீர்க்கதரிசி போகிறார். குற்றம் சாட்டவில்லை, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையைச் சொல்கிறார். ராஜா கொதித்து, அவன் சாக வேண்டியவன் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வரி: "நீயே அந்த மனுஷன்." ராஜாவின் வாயிலிருந்து வந்த தீர்ப்பே ராஜாவைப் பிடித்துக்கொண்டது.

மேலைச் சொற்களையும் பார்த்துவிடலாம். லத்தீன் 'செர்மோ' என்பது உரையாடல். அதைக் கோத்தல், தொடுத்தல் என்னும் வினையோடு சேர்த்துச் சொல்வது பழைய மரபு. கிரேக்க 'ஹோமிலியா' கூடிப் பழகுதல். வடமொழியில் ஒட்டுதல், லத்தீனில் கோத்தல், கிரேக்கத்தில் கூடுதல். ஒருவர் மேலே நின்று கொட்ட, மற்றவர் கீழே இருந்து வாங்கிக்கொள்ளும் படம் இவற்றின் அடியில் எங்கும் இல்லை. வள்ளுவரும் சொல்வன்மைக்கு இலக்கணம் சொல்லும்போது "கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்" என்றுதான் தொடங்குகிறார் (குறள் 643). பிணித்தல் என்றால் கட்டுதல்.

அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவின் பேச்சைக் கேட்டவர்கள் "இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி" இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அன்று ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்தார்கள் என்கிறது நூல். யோனாவின் பிரசங்கம் எபிரெயத்தில் ஐந்தே சொற்கள், நினிவே நகரமே மனம் திரும்பி இரட்டுடுத்தியது. நீளம்தான் வலிமை என்று நினைப்பவர்களுக்கு ஐத்திகுவின் கதை இருக்கிறது: பவுல் நெடுநேரம் பேச, அந்த வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அப்போஸ்தலனே ஆனாலும் நேரம் பார்க்கத்தான் வேண்டும்!

திருச்சபைத் தந்தையரில் ஒருவரான அகுஸ்தீன் முதலில் சொற்கலை ஆசிரியராக இருந்தவர். மிலானில் ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களை அவர் கேட்கப் போனது பேச்சழகுக்காக மட்டுமே. சொல்லோடு பொருளும் உள்ளே புகுந்துவிட்டதைப் பின்னாளில் அவரே எழுதினார். பேச்சாளர் கற்பிக்க வேண்டும், மகிழ்விக்க வேண்டும், அசைக்க வேண்டும் என்ற ரோமானியப் பேச்சாளர் சிசெரோவின் இலக்கணத்தைப் பிரசங்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அசைப்பதில் அச்சத்துக்கும் பங்கு உண்டு. 1741 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் என்ஃபீல்டில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்னும் போதகர், நெருப்பின்மேல் பிடிக்கப்பட்ட சிலந்தியைப் பாவிக்கு உவமையாக்கிப் பேசினார். சபையின் அலறலில் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அச்சத்தின் கட்டு எவ்வளவு நாள் தாங்கும்? ஜேம்ஸ் ஜாய்சின் முதல் நாவலில் நரகப் பிரசங்கம் கேட்ட சிறுவன் ஸ்டீபன் பதறிப்போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். நாவல் முடிவதற்குள் திருச்சபையையே விட்டு விலகுகிறான். பழைய ஆங்கிலக் கவிஞர் சாசர் படைத்த பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரி இன்னும் விசித்திரம்: பண ஆசையே தீமைக்கு வேர் என்று, பண ஆசையாலேயே பிரசங்கிக்கிறான், அதை வாய்விட்டும் சொல்கிறான். இருந்தும் அவன் கதை நம்மைப் பிடித்துக்கொள்கிறது. பிரசங்கியார் கெட்டவர் என்பதால் பிரசங்கம் தோற்பதில்லை. இலக்கியம் எழுப்பிய சங்கடமான கேள்வி இது. சபைகளுக்கு இன்றும் தீரவில்லை. 'மோபி டிக்' நாவலில் மெல்வில் காட்டும் மாப்பிள் பாதிரியார் இதற்கு எதிர்த்துருவம். கப்பல் முகப்பைப் போன்ற பீடத்தில் நின்று யோனாவைப் பற்றிப் பேசுபவர், கடவுளின் ஒரு கை உங்கள்மேல் இருந்தால் என்மேல் இரண்டும் அழுத்துகின்றன என்று தன்னையே முதலில் கட்டிக்கொள்கிறார்.

இந்த வடிவம் சபைச் சுவருக்குள் நிற்கவில்லை. பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமாரின் கருவியையே அவர்களுக்கு எதிராகத் திருப்பிய செயல் அது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த 'நாவலர்' பட்டமும் பிரசங்கம் செய்த நாவுக்கே கிடைத்தது.

இனித் தமிழ்ச் சொல். கத்தோலிக்க வழக்கில் திருப்பலியின் நடுவே வாசகங்களை விளக்குவது மறையுரை. மறையோடு கட்டுப்பட்ட உரை என்பதால் 'ஹோமிலியா'வுக்கு இது மிகச் சரியான பெயர். அருளுரை பொதுவானது, எந்தச் சமயத்துக்கும் பொருந்தும். ஆனால் பேசுபவரை உயர்த்திக் காட்டுகிறது, கேட்பவரை மறந்துவிடுகிறது. பொழிவு அழகான சொல்தான். மலைப்பொழிவு என்பதில் அது நன்றாக அமைந்தும்விட்டது. ஆனாலும் பொழிவதெல்லாம் ஒட்டுவதில்லையே. 'பிரசங்கி' நூலின் எபிரெயப் பெயர் கோஹெலெத், கூட்டத்தைச் சேர்ப்பவர் அல்லது கூட்டத்தில் பேசுபவர். அதற்குச் 'சபை உரையாளர்' என்று 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் வைத்த பெயரையே நான் தேர்வேன்.

விளக்கவுரைக்கு மறையுரை, பொதுக் கூட்டத்துக்கு அருளுரை என்று எழுதினால் போதும். சீர்திருத்தச் சபைகளில் மக்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது "இன்றைக்குச் செய்தி நன்றாக இருந்தது" என்கிறார்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பிரசங்கத்துக்கு வரும் இன்னொரு சொல் 'கெரிக்மா', அரசன் அனுப்பிய கட்டியக்காரன் கொண்டுவரும் அறிவிப்பு. அதற்கு நேரான தமிழ், செய்தி.