கொத்தனாரைப் படம் பிடிக்கும் ஸ்கேன்

போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அக்காவுக்கு மூன்று வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். இப்போது இடுப்பில் விடாத வலி. ரத்தப் பரிசோதனையில் மற்றதெல்லாம் சரியாக இருக்க, ஏ.எல்.பி. என்ற நொதி மட்டும் ஏறி 286. டாக்டர் உடனே போன் ஸ்கேன், அதாவது எலும்பு ஸ்கேன், எடுத்துவரச் சொல்லிவிட்டார். ‘கல்லீரல் டெஸ்ட் என்று தலைப்பு போட்ட காகிதத்தில் ஒரு எண் ஏறினால் எலும்பை ஏன் ஸ்கேன் பண்ணச் சொல்கிறார்?’ என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்வி. ரத்தத்தில் பார்க்கும் நொதியும் எலும்பைப் பார்க்கும் ஸ்கேனும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சோதனைகள் போலத்தான் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே ஆளைத்தான் கவனிக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆள் புற்றுநோய் கிடையாது.

ஏ.எல்.பி. என்பது ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ். பெயரிலேயே வேலை இருக்கிறது: மற்ற மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்பேட்டை வெட்டி எடுக்கும் நொதி. காரத்தன்மை உள்ள கரைசலில் சுறுசுறுப்பாக வேலை செய்வதால் ‘ஆல்கலைன்’. இந்தச் சொல்லால் வந்த வினை ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் ஏ.எல்.பி. அதிகம் என்றதும் ரத்தத்தில் காரம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறாகக் குடித்துத் தள்ளினார். இன்னொரு பக்கம், ‘ஆல்கலைன் தண்ணீர் குடித்தால் புற்றுநோய் வராது’ என்று இயந்திரம் விற்பவர்கள். ரத்தத்தின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்துவைத்திருக்கும் விஷயம். எலுமிச்சையும் அதை அசைக்காது, இயந்திரமும் அசைக்காது.

லேபில் இதை அளக்கும் விதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். நிறமில்லாத ஒரு பொருளில் ஃபாஸ்பேட்டை மாட்டி வைத்திருப்பார்கள். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, அதில் விட்டதும் நொதி ஃபாஸ்பேட்டை வெட்டிப்போடும், மிச்சமிருப்பது மஞ்சளாகிவிடும். எவ்வளவு வேகமாக மஞ்சள் ஏறுகிறது என்பதுதான் காகிதத்தில் எண்ணாக வருகிறது. பெரியவர்களுக்கு லிட்டருக்குச் சுமார் 40 முதல் 130 யூனிட் வரை சாதாரணம். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். இந்த நொதிக்கு உயிர்நாடி அதில் பதிந்திருக்கும் துத்தநாகமும் மெக்னீசியமும். ஊதா மூடி போட்ட குழாயில், அதாவது ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் கலந்த குழாயில், தவறுதலாக ரத்தம் எடுத்தால் அந்த உலோகங்களை ஈ.டி.டி.ஏ. பிடுங்கிக்கொள்ளும். ஏ.எல்.பி. அநியாயத்துக்குக் குறைந்து வந்தால், அனுபவமுள்ள டெக்னீஷியன் முதலில் குழாயின் மூடியைத்தான் பார்ப்பார்.

சரி, இது ரத்தத்துக்குள் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கல்லீரலின் பித்தக் குழாய்களிலிருந்தும் எலும்பிலிருந்தும். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும். எதிலிருந்து என்று பிரிக்க ஒரு பழைய உபாயம் உண்டு: சீரத்தை 56 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் எலும்பிலிருந்து வந்த நொதி பெரும்பாலும் செத்துவிடும், கல்லீரலுடையது ஓரளவு தாங்கும், நஞ்சுக்கொடியுடையது அசைந்து கொடுக்காது. இப்போது அவ்வளவு மெனக்கெடுவதில்லை, ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதியைப் பார்க்கிறார்கள். அது கல்லீரலில் உண்டு, எலும்பில் இல்லை. ஏ.எல்.பி. ஏறி ஜி.ஜி.டி. அப்படியே இருந்தால் சந்தேகம் எலும்புப் பக்கம் திரும்பும். வாசகியின் அக்காவுக்கு ஜி.ஜி.டி. 22. டாக்டரின் கணக்கு இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் எலும்பில் இதைச் சுரப்பது யார்? எலும்பு என்பது கட்டி முடித்து விட்டுவிட்ட கட்டடம் கிடையாது. ஒரு பக்கம் இடிக்கும் செல்கள், இன்னொரு பக்கம் கட்டும் செல்கள். வாழ்நாள் முழுக்க மராமத்து நடந்துகொண்டே இருக்கிறது. கட்டுகிற செல்லுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்று பெயர். நாம் கொத்தனார் என்றே வைத்துக்கொள்வோம். ஏ.எல்.பி. அந்தக் கொத்தனார் கையிலிருக்கும் கரண்டி. வேலை மும்முரமானால் ரத்தத்தில் கரண்டிகள் அதிகமாகும். வளர்கிற பிள்ளைகளுக்கு 300, 400 என்று வருவதும், எலும்பு முறிந்து கூடும்போது ஏறுவதும், வைட்டமின் டி பற்றாக்குறையில் ஏறுவதும் இதனால்தான். புற்றுநோய் எலும்பில் குடியேறும்போது சுவரை உடைக்கிறது. உடைந்த இடத்தைப் பூசக் கொத்தனார்கள் ஓடிவருகிறார்கள். 286 என்ற எண் எங்கோ பூச்சு வேலை நடக்கிறது என்பதற்கான தடயம். ஏன் நடக்கிறது, எங்கே நடக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

கரண்டியை வைத்துக் கொத்தனார் என்னதான் செய்கிறார்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று போவோம்.

1923இல் லண்டனில் ராபர்ட் ராபிசன் என்ற உயிர்வேதியியலாளர், எலும்பு கெட்டியாவதற்கு வேண்டிய ஃபாஸ்பேட்டை இந்த நொதிதான் வெட்டித் தருகிறது என்றார். பாதி சரி. மீதி விடை போர்வெல் தண்ணீரில் இருக்கிறது. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் குழாய் வாயிலும் ஹீட்டர் காயிலிலும் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கால்சியம் உப்பு. அதைப் படியவிடாமல் தடுக்கச் சலவைத் தூள்களிலும் தண்ணீர்ச் சுத்திகரிப்பிலும் பாலிஃபாஸ்பேட் சேர்ப்பது பழைய வழக்கம். துளி சேர்த்தாலே போதும். முளைவிடும் படிகத்தின் மேல் போய் உட்கார்ந்து அதை வளரவிடாது. நம் ரத்தத்திலும் கால்சியமும் ஃபாஸ்பேட்டும் நிறைய இருக்கின்றன. அப்படியானால் ரத்தக் குழாயெல்லாம் ஹீட்டர் காயில் மாதிரி ஏன் ஆகவில்லை? 1960களில் ஸ்விட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் குழு பதில் சொன்னது: உடலிலேயே பைரோஃபாஸ்பேட் இருக்கிறது, அந்தச் சலவைத் தூள் சரக்கின் சின்னத் தம்பி. இரண்டு பாஸ்பரஸ், நடுவில் ஒரு ஆக்சிஜன். அதுதான் படியவிடாமல் காவல் காக்கிறது.

எலும்பு கட்ட வேண்டிய இடத்தில் மட்டும் இந்தக் காவலை விலக்க வேண்டும். அதற்குத்தான் கரண்டி! ஏ.எல்.பி. அந்த நடு ஆக்சிஜன் கண்ணியில் வெட்டுகிறது, காவல்காரர் காலி, கால்சியம் படிகிறது, கூடவே கட்டுமானத்துக்கு ஃபாஸ்பேட்டும் கிடைக்கிறது. இது வெறும் ஊகமில்லை. கனடாவில் 1948இல் ராத்பன் என்ற மருத்துவர் ஓர் அபூர்வப் பரம்பரை நோயை விவரித்தார். அந்தக் குழந்தைகளுக்கு ஏ.எல்.பி. வேலை செய்வதில்லை, பைரோஃபாஸ்பேட் தேங்கிக்கிடக்கிறது, எலும்பு கெட்டிப்படவே மாட்டேன் என்கிறது.

இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன். ஃப்ளைஷுக்கு ஒரு யோசனை. நடு ஆக்சிஜனை எடுத்துவிட்டு அங்கே ஒரு கார்பனை வைத்தால்? உருவம் கிட்டத்தட்ட அதேதான், படிகத்தில் அதே மாதிரி போய் ஒட்டும், ஆனால் கரண்டியால் வெட்ட முடியாது. பிஸ்ஃபாஸ்போனேட் என்று இன்று சொல்லும் மருந்துக் குடும்பத்தின் ஆரம்பம் அது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் கோபால் சுப்ரமணியனும் ஜான் மெக்காஃபியும் இதையே வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒட்டிக்கொள்ளும் சரக்கோடு கதிரியக்க டெக்னீசியத்தைக் கோத்துவிட்டால், எங்கெல்லாம் புது எலும்பு படிகிறதோ அங்கெல்லாம் அது போய் ஒளிரும் அல்லவா? 1971இல் பாலிஃபாஸ்பேட்டோடு கோத்தார்கள். 1975இல் கார்பன் வைத்த எம்.டி.பி. என்ற பிஸ்ஃபாஸ்போனேட்டுக்கு மாறினார்கள். இன்றும் போன் ஸ்கேன் என்றால் பெரும்பாலும் எம்.டி.பி.தான். ஆக, ரத்தப் பரிசோதனை கொத்தனாரின் கரண்டியை எண்ணுகிறது. ஸ்கேன் அவர் பூசிய ஈரச் சுவரைப் படம் பிடிக்கிறது. எலும்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். பூச்சு வேலை அதற்கு வெகுநாள் முன்பே தொடங்கிவிடுகிறது.

டெக்னீசியம் பற்றி ஒரு வார்த்தை. மனிதர் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. 1937இல் அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் அடிபட்ட மாலிப்டினத் தகட்டில், இத்தாலியின் பலெர்மோவில் உட்கார்ந்து பெர்ரியேவும் செக்ரேயும் கண்டுபிடித்தார்கள். யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. இன்று அணு மருத்துவத் துறைகளில் மாலிப்டினம்-99 அடைத்த ஈயக் கூடு ஒன்று நிற்கிறது. உள்ளே மாலிப்டினம் சிதைந்து டெக்னீசியமாகிக்கொண்டே இருக்கும்; காலையில் உப்புக் கரைசலை ஓடவிட்டு அதைக் கறந்துகொள்வார்கள். ஆங்கிலத்திலும் அதற்குப் பசு என்றுதான் செல்லப்பெயர். அந்தப் பசுவுக்குத் தீவனம் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பழைய அணு உலைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1957இல் ஓடத் தொடங்கிய கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே மாதம் கசிந்து நின்றபோது, பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. மறுபடி ஓட 2010 ஆகஸ்ட் ஆகிவிட்டது. புதுப்புது ஸ்கேன் கேமராவுக்குப் பணம் ஒதுக்குவதைப் படம் பிடித்துப் போடலாம். உலைக்கும் அது தரும் கதிரியக்கச் சரக்குக்கும் ஒதுக்கினால் கைதட்ட ஆளில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

இனி கொத்தனாரைப் பார்ப்பதால் வரும் ஏமாற்றங்கள். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் எலும்பைத் துளைத்துத் தள்ளும், ஆனால் கொத்தனாரின் கையைக் கட்டிப்போட்டுவிடும். எலும்பில் ஓட்டை இருக்கும், ஏ.எல்.பி. ஏறாது, போன் ஸ்கேனும் சுத்தமாக வரலாம். அவர்களுக்கு சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் என்று வேறு வழிதான். இதற்கு நேர்மாறானதும் உண்டு. சிகிச்சை நன்றாகப் பலித்து, உடைப்பவன் அடங்கியதும், கொத்தனார்கள் சேர்ந்து வேலையை முடுக்குவார்கள். முதல் சில மாதங்களில் ஸ்கேனில் புள்ளிகள் கூடும், ஏ.எல்.பி.யும் ஏறும். நோய் முற்றிவிட்டது என்று குடும்பமே அழுதுகொண்டிருக்கும். உள்ளே காயம் ஆறிக்கொண்டிருக்கும். அதனால்தான் விவரமான டாக்டர்கள் ஒரே படத்தை நம்பி மருந்தை மாற்றாமல், இன்னொரு படத்துக்குக் காத்திருக்கிறார்கள். மூன்றாவது விசித்திரம், படம் அழகாக இருப்பது. எலும்புக்கூடு முழுக்கப் பளிச்சென்று, எங்கும் புள்ளியே இல்லாமல், ஆனால் சிறுநீரகங்கள் தெரியவில்லை. நோய் எல்லா எலும்பிலும் பரவியதால் ஊசியில் போட்ட டெக்னீசியச் சரக்கு முழுவதையும் எலும்பே இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். சூப்பர் ஸ்கேன் என்பார்கள்.

வாசகி அனுப்பிய காகிதத்தில் எல்.டி.எச்.சும் இருந்தது. அது எல்லா செல்லிலும் உள்ள நொதி. எந்தச் செல் உடைந்தாலும் ஏறும். ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைக் குலுக்கிச் சிவப்பணு உடைந்தாலே ஏறும். லிம்ஃபோமா, மெலனோமா, விரைப் புற்றுநோய் இருப்பது தெரிந்தவர்களிடம் நோயின் சுமையைக் கணிக்க உதவுகிறது, அவ்வளவுதான். ‘முழு உடல் பேக்கேஜ்’ என்று விளம்பரம் போட்டு, ஆரோக்கியமாக நடமாடுபவர்களிடம் இந்த எண்களைப் புற்றுநோய் வடிகட்டியாக விற்பது வெறும் பயத்தை வைத்துச் செய்யும் வியாபாரம்.

அக்காவின் இடுப்பு வலிக்குக் காரணம் பரவல்தான் என்று 286ஐ வைத்து நான் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஸ்கேனில் ஓரிடத்தில் புள்ளி தெரிந்தால்கூட, தேய்மானமா பழைய விரிசலா என்று பார்க்க அந்த இடத்தை மட்டும் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று உறவுக்காரர் யாராவது சொல்வார். எலும்பு வரை வந்திருக்குமோ என்று தேடும்போது அந்தப் பயத்துக்காகத் தெரிந்துகொள்ளாமல் விடுவதுதான் ஆபத்து.

கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு கேள்வி: ஸ்கேன் எடுத்த அன்று அக்கா தன் பேரனைத் தூக்கலாமா? கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்காரவைப்பார்கள். எலும்பில் ஒட்டாதது சிறுநீரில் போக வேண்டும். படுப்பதற்கு முன் ஒருமுறை போய்விட்டு வந்தால் இடுப்பெலும்பை மூத்திரப்பை மறைக்காது. அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 10 மணிக்கு ஊசி போட்டால் சாயங்காலம் 4 மணிக்குப் பாதி, இரவு 10 மணிக்குக் கால், மறுநாள் காலை 10 மணிக்குப் பதினாறில் ஒரு பங்கு. சிறுநீரில் போனது தனிக் கணக்கு. அன்றைக்கு மட்டும் பேரன் அம்மாவிடம் தூங்கட்டும். மறுநாள் தூக்கிக் கொஞ்சலாம்.