ஸ்ட்ராடஜி: திட்டமா, வியூகமா, உத்தியா?

அக்கம்பக்கத்து நகராட்சிகள் நான்கைந்து சேர்ந்து தங்கள் பகுதியின் பொருளாதாரத்துக்கு வழி தேடினால், அந்த அறிக்கையின் அட்டையில் 'ரீஜனல் எகனாமிக் டெவலப்மென்ட் ஸ்ட்ராடஜி' என்பதுபோல 'ஸ்ட்ராடஜி' என்ற சொல் கட்டாயம் இருக்கும். தமிழில் பலரும் அதைத் 'திட்டம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது.

மூலச்சொல் கிரேக்கம். 'ஸ்ட்ராடோஸ்' என்றால் படை, 'அகேயின்' என்றால் நடத்துதல். படையை நடத்துபவர் 'ஸ்ட்ராடேகோஸ்'. ஒற்றை ஆளின் அதிகாரம் என்று தோன்றும், ஏதென்ஸில் அப்படியில்லை. ஆண்டுதோறும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கி.மு. 490இல் மாரத்தானில் பாரசீகரைத் தாக்கலாமா வேண்டாமா என்று அந்தப் பத்துப் பேரும் ஐந்துக்கு ஐந்தாகப் பிரிந்துவிட, அவர்களோடு சேர்ந்து வாக்களிக்கும் உரிமை பெற்ற போர் அதிகாரி கல்லிமாக்கஸின் ஒரு வாக்குதான் முடிவு செய்தது என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ். பல நகராட்சிகள் கூடிப் பேசும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல!

சரி, தமிழுக்கு வருவோம். 'வியூகம்' படை அணிவகுப்பைக் குறித்த வடசொல். தேர்தல் செய்திக்குப் பொருந்தும். இங்கே பக்கத்து ஊர் எதிரியல்லவே. இலங்கைத் தமிழில் 'மூலோபாயம்' நன்றாகவே புழங்குகிறது. தமிழகத்தில் சொன்னால் திரும்பக் கேட்பார்கள். என் தேர்வு 'உத்தி'. வடமொழி 'யுக்தி'யோடு தொடர்புபடுத்தப்படும் சொல்தான், ஆனாலும் நமக்குப் பழகியது. தொல்காப்பிய மரபியலே நூலுக்கு முப்பத்திரண்டு உத்திகள் சொல்கிறது.

எந்தச் சாலை எந்த ஆண்டு, எவ்வளவு செலவு என்பது திட்டம். ஓர் ஆலையை இழுக்க இரண்டு ஊர்களும் போட்டி போட்டு வரிச்சலுகையைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஆலை இங்கே, பணியாளர் குடியிருப்பு அங்கே, வருகிற வரியில் இருவருக்கும் பங்கு என்று பேசி முடிப்பது உத்தி. எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு அதில் இருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கை வெறும் ஆசைப் பட்டியல்.

அப்புறம், அட்டையில் வரும் முழுத்தொடரில் 'ரீஜனல்' என்பதற்கு 'மண்டல' என்று போடாதீர்கள். ஒரே மாநகராட்சியின் உட்பிரிவையும் மண்டலம் என்றே சொல்கிறோம், குழப்பும். 'வட்டாரப் பொருளாதார மேம்பாட்டு உத்தி' என்றால் தெளிவு. 'மேம்பாட்டு' என்பதற்குப் பதில் 'வளர்ச்சி' என்றாலும் தப்பில்லை, ஆனால் உற்பத்தி பெருகுவதை மட்டும் சொல்வதாக அதைப் படித்துவிட வாய்ப்புண்டு.