அடைத்த ஓட்டையும் ஓட்டைதான்: பழைய ஃபைபர் படகு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நீரில்லா ஆறு, மன்னனில்லா கோட்டை என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். அந்த ஊர்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் படகு ரிப்பேர் பற்றி எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும். 2021 நவம்பரில் பாலாறு பொங்கி ஓடியதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பார்கள். என் முக்கியத் தொழில் படகு இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஆலைகளுக்கும் கெமிக்கல் கம்பெனிகளுக்கும் ஃபைபர் தொட்டி செய்வதும், ஆசிட் தாங்கும் லைனிங் போடுவதும்தான் பிழைப்பு. ஆனால் தொட்டிக்கும் படகுக்கும் பொருள் ஒன்றுதான். அதே ரெசின் என்கிற பிசின், அதே கண்ணாடி இழை மேட். தொட்டியில் தண்ணீர் உள்ளே, படகில் வெளியே. அதனால் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்கள், பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்கள், சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர்கள் எல்லாம் படகை டெம்போவில் ஏற்றி எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

வருவதில் பெரும்பாலானவை செகண்ட் ஹேண்ட். கடலோரத்தில் ஓடி ஓய்ந்த படகை மலிவு விலைக்கு வாங்கி ஏரியில் விடுவார்கள். கடலில் இருந்தபோது அதற்குத் தேவைப்பட்ட பல சாமான்கள் ஏரியில் தேவைப்படாது. உயிர்மீன் தொட்டிக்குத் தண்ணீர் இழுத்த குழாய், ஆழம் காட்டும் கருவியின் சென்சார், கழற்றிய பழைய இன்ஜினின் கூலிங் பைப், பின்பலகையில் ஏணி மாட்டியிருந்த ஸ்க்ரூக்கள். சாமானைக் கழற்றிவிடுவார்கள். அது இருந்த ஓட்டையை என்ன செய்வது? எம்-சீல் உருட்டி அடைத்து, மேலே பெயின்ட் அடித்து, "டிப்-டாப் கண்டிஷன்" என்று விற்றுவிடுவார்கள்.

எம்-சீல் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வீட்டுக் குழாய்க் கசிவுக்கு நானும் அதைத்தான் வைக்கிறேன். ஆனால் படகின் உடம்பு ஓடும்போது வளைகிறது, வெயிலில் விரிகிறது, தண்ணீரில் இறங்கியதும் சுருங்குகிறது. ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் கட்டியான பட்டிக்கு விளிம்பில் மட்டும்தான் பிடிப்பு. வளைய வளைய அந்த விளிம்பில் மயிரிழை விரிசல் விடும். ஒரு நாள் மொத்தக் கட்டியும் கழன்று விழும்.

விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி கீழே ஒரு அங்குல ஓட்டை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே வரும். இரண்டு வாட்டர் கேன். ஒன்றரை அங்குலம் என்றால் 90 லிட்டரைத் தாண்டும். சின்னப் படகுகளில் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் அட்டையில் மணிக்கு 500 கேலன் என்று போட்டிருந்தால், அது நிமிடத்துக்கு 31 லிட்டர்தான். அதுவும் ஹோஸ் மேலே ஏறி வெளியே போகும்போது இன்னும் குறையும். அதாவது பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே படகு மூழ்கும்.

இது எல்லோருக்கும் புரிகிற ஆபத்து. ஓட்டை பெரிதாக இருந்தால் பயமும் இருக்கும், யாராவது கவனிப்பார்கள். என்னைக் கேட்டால் மோசமானது பின்பலகையில் இருக்கும் சின்ன ஓட்டைகள்தான். மோட்டார் தொங்குகிற அந்தப் பின்பக்கச் சுவரைத்தான் டிரான்சம் என்பார்கள். பார்க்க முழுசும் ஃபைபர் போலத் தெரியும். பெரும்பாலான படகுகளில் அதற்குள்ளே பிளைவுட் இருக்கும், இரண்டு பக்கமும் ஃபைபர் தோல். ஸ்க்ரூ கழற்றிய ஒரு துளை போதும், தண்ணீர் படகுக்குள் வராது, பலகைக்குள் போகும். போனது வெளியே வர வழி இல்லை. அடுக்கு அடுக்காகப் பரவி மரத்தை ஊறவைத்து மக்கவைக்கும்.

அரக்கோணம் பக்கத்து ஏரி ஒன்றில் குத்தகை எடுத்த ஒருவர் படகைக் கொண்டுவந்தார். "அண்ணே, அடியில லேசா ஈரம் கசியுது. பின்னாடி நாலு ஸ்க்ரூ ஓட்டை இருந்துச்சு, சிலிகான் வெச்சு அடைச்சுட்டேன். ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகல" என்றார். மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே போனேன். ஓரங்களில் டக் டக் என்று கணீரென்ற சத்தம். நடுவில், மோட்டார் கிளாம்ப் பிடிக்கிற இடத்தில், தொப் தொப். உள்பக்கத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ஒரு துளை போட்டேன். நல்ல பலகை என்றால் வெளிறிய மரத்தூள் சுருள் சுருளாக வரவேண்டும். வந்தது கறுப்புச் சேறு. பிட்டை வெளியே எடுத்ததும் துளை வழியாகத் தண்ணீர் ஒழுகியது, புளித்த வாடையோடு. இத்தனைக்கும் படகு தண்ணீரை விட்டு ஏறி வாரக் கணக்காகியிருந்தது. 40 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 70 கிலோ இருக்கும். அந்த எடையும் அது தள்ளுகிற வேகமும் கறுப்புச் சேற்றின் மேல் நின்றுகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து மேற்கொண்டு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே படகு வாங்கப் போகும்போதே தட்டிப் பாருங்கள். மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகையும் சேர்ந்து வளைந்தால் விலை பேச வேண்டாம், கிளம்பி வந்துவிடலாம். அல்லது பின்பலகையைப் பிரித்துக் கட்டும் செலவைக் கழித்துப் பேசலாம். டிரில் போட விற்பவர் சம்மதிக்க மாட்டார், தட்டுவதை யாரும் தடுக்க முடியாது.

சரி, படகு உங்களுடையதாகிவிட்டது, பழைய ஃபிட்டிங் இன்னும் அதில் இருக்கிறது. வேண்டாததைக் கழற்றத்தான் வேண்டும், வால்வை மூடிவிட்டுப் போனால் போதாது. பித்தளை ஃபிட்டிங் உப்புத் தண்ணீரில் இருந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறும், மிஞ்சுவது ரோஸ் நிறத்தில் பொசபொசத்த செம்பு. கத்தி முனையால் சுரண்டினால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் என்றால் வெயில் தின்றிருக்கும், எங்கள் ஊர்க் கத்திரி வெயிலைச் சொல்லவே வேண்டாம். வெளிப்பக்கத் தலை விரல் பட்டாலே உடையும்.

உள்ளே நட் சுற்றவில்லை என்றால் ரெஞ்சைப் போட்டு மல்லுக்கட்டாதீர்கள், சுற்றியுள்ள ஃபைபர் கிழியும். வெளியே காளான் தலை மாதிரி இருக்கும் விளிம்பை கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டால் மிச்சத்தை உள்பக்கமாகத் தட்டித் தள்ளிவிடலாம். பாலியூரித்தேன் சீலன்ட் போட்டு ஒட்டியிருந்தால் ஹீட் கன்னால் இளக்கி, மெல்லிய பிளேடால் அறுத்து விடுவியுங்கள்.

அடுத்தது பலரும் கோட்டை விடுகிற இடம். தேய்ப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டும். பழைய சிலிகான், மெழுகு, கிரீஸ் எல்லாவற்றையும் சுரண்டி, அசிட்டோனில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, துணியை மாற்றி மறுபடி துடைத்து, அப்புறம்தான் கிரைண்டர். துடைக்காமல் தேய்த்தால் சிலிகானைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும். அதன் மேல் எந்த ரெசினும் ஒட்டாது.

தேய்ப்பது என்றால் ஓட்டை ஓரத்தை மட்டும் அல்ல. ஃபைபரின் தடிமன் எவ்வளவோ அதைப்போல் 12 மடங்கு தூரத்துக்கு, சுற்றிலும் சரிவாக இழைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஓட்டை விளிம்பிலிருந்து 72 மில்லிமீட்டர். நாற்பது மில்லிமீட்டர் ஓட்டைக்கு, தேய்த்து முடித்ததும் 18 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஒரு பள்ளம் கிடைக்கும். இதைப் பார்த்ததும் படகுக்காரர்கள் பதறுவார்கள், "இவ்வளவு பெருசாக்கிட்டீங்களே!" என்று. புது ஃபைபர் பழைய ஃபைபரோடு ஒட்டுவதற்கான பரப்பு அதுதான். சரிவு இருந்தால்தான் வளையும் அழுத்தம் முழுப் பரப்புக்கும் பகிர்ந்து போகும். ஓட்டை வெறுமனே அடைபடாமல், அந்த இடம் மறுபடி படகின் உடம்பாகவே ஆகிவிடும்.

ஒரு பக்கம் டேப் ஒட்டிய சன்மைக்காத் துண்டை முட்டுக் கொடுத்து, மறுபக்கத்திலிருந்து அடுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு கையால் போட்டால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் வரும், 6 மில்லிமீட்டருக்கு ஆறு அடுக்கு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சூடேறும். தடிமனாகப் போட்டால் கொதித்து விரிசல் விடும். இரண்டு மூன்று அடுக்கு, ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்றி, சூடு அடங்கியதும் அடுத்தது.

எந்த ரெசின்? தண்ணீர் மட்டத்துக்குக் கீழே என்றால் நான் எபாக்ஸிதான் சொல்வேன். பழைய ஃபைபர் மேல் அதற்குப் பிடிப்பு அதிகம். விலையும் அதிகம்தான். ஆனால் எபாக்ஸிக்கு சாதாரண மேட்டைப் போடக்கூடாது. அந்த மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்ஸியில் கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த துணிதான் எபாக்ஸிக்குச் சரி. இறுகிய பிறகு மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் வரலாம், அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் எமரி போட வேண்டும். அதன் மேல் ஜெல்கோட் என்கிற பளபளப்பான வெளிப்பூச்சை அடிப்பதைவிட பாலியூரித்தேன் பெயின்ட் அடிப்பது தொல்லையில்லாத வழி.

வீட்டிலேயே பாலியெஸ்டர் வாங்கிச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதை மட்டுமாவது தயவுசெய்து படியுங்கள். கூடவே இரண்டு சின்னப் பாட்டில் தருவார்கள், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒன்று, அதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் ஒன்று. இரண்டையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள், அப்புறம்தான் கேட்டலிஸ்ட், வழக்கமாக எடையில் 1 முதல் 2 சதவீதம். சித்திரை வெயிலில் குறைந்த அளவே போதும், இல்லாவிட்டால் பிரஷ் எடுப்பதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேராக ஆஸ்பத்திரி. தேய்க்கும்போது மாஸ்க், முழுக்கைச் சட்டை. ஃபைபர் தூசியின் அரிப்பு இரண்டு நாள் விடாது.

பின்பலகை ஓட்டைக்கு இதெல்லாம் பொருந்தும், கூடுதலாக ஒன்று: உள்ளே இருக்கும் மரம் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தை மூடி ஒட்டினால் மக்குவதற்கு நாமே ஏற்பாடு செய்தது மாதிரி. நல்லவேளை எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் காற்று வறண்டிருக்கும். ஓட்டையைத் திறந்தே போட்டு நிழலில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஸ்க்ரூ அளவுத் துளை என்றால் 12 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, முதலில் வெறும் எபாக்ஸியைத் தடவி மரத்தைக் குடிக்க விட்டு, பிறகு பவுடர் கலந்து கெட்டியாக்கியதை நிரப்புங்கள். பெரிய ஓட்டைக்கு அதே அளவில் பிளைவுட் வட்டம் வெட்டி, எபாக்ஸியில் பதித்து, இரண்டு பக்கத் தோலையும் சரிவாகத் தேய்த்து ஃபைபர் போட வேண்டும். பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை பாருங்கள், அதுதான் மரைன் பிளை. கடைக்காரர் வாயால் சொல்லும் "வாட்டர் ப்ரூஃப்" போதாது. மரம் கறுத்துச் சேறாகியிருந்தால் எந்த வட்டமும் உதவாது, உள்தோலைப் பிரித்து முழுப் பலகையையும் மாற்ற வேண்டியதுதான். அரக்கோணத்துக்காரர் படகுக்கு அதைத்தான் செய்தோம்.

ஆர்வக்கோளாறில் எல்லா ஓட்டையையும் மூடிவிடாதீர்கள். அடியில் பிளக் போட்டிருக்கும் வடிகால் துளையும், தளத்தில் விழும் மழைநீர் தானாக வெளியேறும் துளைகளும் இருந்தே ஆக வேண்டும். அவற்றை அடைத்துத் தரச் சொல்லியும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நான் பிளக்கின் ரப்பர் வாஷரை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

வேலை முடிந்ததும் ஏரிக்கு ஓட வேண்டாம். ஒரு வாரமாவது இறுக விடுங்கள். பிறகு படகைக் கட்டைகள் மேல் நன்றாகத் தாங்க வைத்து, உள்ளே ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. வெளிப்பக்கம் சாக்பீஸ் தூளைத் தடவி ராத்திரி முழுக்க விட்டால், காலையில் ஈரம் எங்கே கசிந்திருக்கிறது என்று கோடு கோடாகத் தெரியும். தண்ணீர் எட்டாத பின்பலகையின் மேல்பகுதிக்கு மறுபடி ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடிதான், ஒட்டிய இடமும் பக்கத்து இடமும் ஒரே சத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மோட்டாரை மாட்டலாம்.