ரியாக்‌ஷன் டைம்: தமிழில் துலங்கல் நேரம்

ஒளியோ ஒலியோ தொடுகையோ நம்மை எட்டிய கணத்துக்கும், அதற்காக உடல் அசையத் தொடங்கும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரம்தான் ரியாக்‌ஷன் டைம். அசைவு முடிய எடுக்கும் நேரம் இதில் சேராது. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்தது முதல் வீரரின் கால் தொடக்கக் கட்டையை அழுத்தும் வரைதான் கணக்கு. அது 0.100 விநாடிக்குக் குறைந்தால், ஒலியைக் கேட்டுக் கிளம்பவில்லை, முந்திக்கொண்டார் என்று விலக்கிவிடுவார்கள். 2022 உலகத் தடகளப் போட்டியில், 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிச் சுற்றில் டெவோன் ஆலனை வெளியேற்றிய அளவு 0.099!

சொல்லுக்கு முன்பே சிக்கல் இருந்தது. கிரீனிச் வானாய்வகத்தில் விண்மீன் கடக்கும் நேரத்தைக் குறித்த உதவியாளர் கின்னிபுரூக்கின் கணக்கு, தலைவர் மாஸ்கலைனின் கணக்கிலிருந்து 0.8 விநாடி தள்ளிப்போனது. 1796இல் கின்னிபுரூக் வேலையிழந்தார். ஆளுக்கு ஆள் இப்படி வேறுபடுவது இயல்பே என்று பிறகு ஜெர்மன் வானியலாளர் பெசல் காட்டினார். 1868இல் டச்சு மருத்துவர் டான்டர்ஸ் இன்னும் ஆழமாகப் போனார். மின்தூண்டல் எந்தக் காலில் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால், அதற்கேற்ப அசைய ஒரு நேரம். தெரியாவிட்டால் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு விநாடி கூடுதல். மனம் தேர்ந்தெடுக்க எடுத்த நேரம் அது! எண்ணத்துக்கும் கால அளவு உண்டு என்பதை அளந்தே காட்டியது எவ்வளவு பெரிய காரியம். ‘ரியாக்‌ஷன் டைம்’ என்னும் பெயரை 1873இல் ஜெர்மன் மொழியில் வைத்தவர் வியன்னாவின் உடலியங்கியல் அறிஞர் எக்ஸ்னர்.

தமிழில் ‘எதிர்வினை நேரம்’ என்ற வழக்கே மிகுதி. தவறில்லை, ஆனால் ‘எதிர்’ என்றதும் எதிர்ப்பு நினைவுக்கு வருகிறது, ‘வினை’யோ வேதியியலிலும் புழங்குகிறது. உயிரியல் பாடநூல்களில் தூண்டல், அதற்கு உடல் காட்டும் துலங்கல் என்ற இணை ஏற்கெனவே இருக்கிறது. துலங்குதல் என்றால் விளங்கித் தெரிதல். ‘தொட்டது துலங்கும்’ என்கிறோமே, அதே சொல். உள்ளே நடந்தது வெளியே தெரியத் தொடங்கும் கணத்தைத்தான் கருவியும் பதிவுசெய்கிறது. ஆகவே ‘துலங்கல் நேரம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அனிச்சைச் செயலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே தட்டினால் கால் உதறுவது தண்டுவடத்தோடு முடிந்துவிடும். மூளையின் முடிவுக்குக் காத்திருப்பதில்லை.

ஒளிக்குத் துலங்க இளைஞர்களுக்குச் சுமார் 0.2 முதல் 0.25 விநாடி ஆகும், ஒலிக்குச் சற்றுக் குறைவு. வீட்டிலேயே அளக்கலாம். ஒருவர் 30 செ.மீ. ஸ்கேலைப் பூச்சியம் கீழே இருக்குமாறு செங்குத்தாகத் தொங்கவிட, மற்றவர் பூச்சியக் கோட்டுக்கு நேரே இரு விரலை விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். 15 செ.மீ.யில் பிடித்தால் ஏறத்தாழ 0.17 விநாடி, 20 செ.மீ. என்றால் 0.20. ஒருமுறை பிடித்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். பலமுறை பிடித்துச் சராசரி எடுங்கள். கைப்பேசிச் செயலிகளில் திரையின் தாமதமும் சேர்ந்துவிடுவதால், இதற்கு ஸ்கேலையே நான் நம்புவேன்.