வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

போன வாரமும் ஓர் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார்கள். மேய்க்கால் புறம்போக்கில், அதாவது ஊர் மாடுகள் மேயும் பொது நிலத்தில், குப்பைக் கிடங்கு வருகிறதாம், தடை வாங்க வேண்டுமாம். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கியிருந்த தீர்மான நகலைப் பார்த்தேன். கிடங்கு அமைக்கக் கிராம சபை ஏகமனதாக ஒப்புதல் தருகிறது என்று எழுதி, கீழே வரிசையாகக் கையெழுத்துகள். வந்தவர்களில் மூன்று பேருடையதும் இருந்தது!

"அது வருகைக்குப் போட்டது சார்." நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கே கிராம சபை நோட்டு வந்ததாம். வராமல் என்ன செய்யும்? 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 100 பேர் வேண்டும். கூட்டத்துக்கு வந்திருப்பது முப்பது பேர். மீதிக் கையெழுத்துக்குத்தான் நோட்டு அலைகிறது; வெற்றுப் பக்கத்தில் தீர்மானம் பிறகு ஏறுகிறது.

கிராம சபையைத் 'தலைவர் கூட்டம்' என்று சொல்வதை முதலில் விடுங்கள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், 3-ஆம் பிரிவு. தலைவர் கூட்டத்தை நடத்துகிறார், அவ்வளவுதான். மனு கொடுத்துக் கும்பிடு போட்டு வரும் இடமும் அல்ல. அதற்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. இங்கே திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், பயனாளிகள் பட்டியலைப் பார்ப்பதும், வரவு செலவைக் கேட்பதும் நீங்கள்தான்.

தீர்மானம் போட்டால் எல்லாம் நடந்துவிடுமா? நடக்காது. ஏகனாபுரத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக எத்தனையோ முறை போட்டுவிட்டார்கள். அரிட்டாபட்டியில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகப் போட்டார்கள், மதுரை வரை பேரணியும் போனார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஆனால் உங்களுக்கு எதிரான தீர்மானத்தில் உங்கள் கையெழுத்தே இருந்தால், நான் நீதிமன்றத்தில் எதை வைத்துப் பேசுவது?

கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் லீவு நாள் வந்தால் வீட்டில் படுக்காதீர்கள். பொருள் பட்டியலை முன்கூட்டியே கேளுங்கள். நோட்டு வீடு தேடி வந்தால் திருப்பி அனுப்புங்கள். தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசித்த பிறகு கையெழுத்து. உடனே அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் தயவுசெய்து படித்துச் சொல்லுங்கள்.

ஆட்சேபணை இருந்தால் எழுதியே கொடுங்கள், நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலருக்கு) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.